ஜோட்டெரோவா, மெண்டலியா? முனைவர் பட்ட ஆய்வாளருக்கு ஓர் ஒப்பீடு

ஆய்வேட்டின் கடைசி மாதம் எதில் கரைகிறது என்பது துணைநூற்பட்டியலைக் கையால் தட்டச்சு செய்தவர்களுக்குத் தெரியும். நெறியாளர் ஒரு மேற்கோள் முறை கேட்பார், ஆய்விதழ் இன்னொன்று கேட்கும். காற்புள்ளி இருந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பதற்கே நாள்கள் போகும். இந்த வேலையை ஒப்படைக்க மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் இருக்கின்றன; நம் ஆய்வாளர்களிடையே அடிபடும் பெயர்கள் மூன்று: ஜோட்டெரோ, மெண்டலி, எண்ட்நோட். தமிழிலக்கிய ஆய்வுக்கும் முதுகலை வகுப்புக்கும் நான் தேர்ந்தெடுத்தது ஜோட்டெரோ. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எண்ட்நோட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது கிளாரிவேட் நிறுவனத்தின் கட்டண மென்பொருள். பல்கலைக்கழகம் உரிமம் வாங்கித் தந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். சொந்தப் பணத்தில் வாங்கிய ஆய்வாளர் எவரையும் நான் பார்த்ததில்லை. மருத்துவத் துறையில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைச் சலித்தெடுப்பவர்கள் அதை விரும்புகிறார்கள் என்று கேள்வி. நூலகக் கணினியில் தொட்டுப் பார்த்ததற்கு மேல் எனக்கு அதில் பழக்கமில்லை.

மற்ற இரண்டும் இலவசம். இரண்டுமே உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுரையின் விவரங்களை எடுத்துக்கொள்ளும். வேர்டில் மேற்கோளைச் செருகி, பட்டியலையும் தாமே உருவாக்கும். மேற்கோள் பாணிகளுக்கு இரண்டும் சி.எஸ்.எல். என்ற ஒரே பொது வடிவத்தைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகவே அச்சில் வரும் பட்டியலைப் பார்த்து எது எதில் செய்தது என்று கண்டுபிடிப்பது கடினம். வேர்டுக்கு மாற்றான இலவச லிப்ரே ஆபீஸில் எழுதுபவர்களுக்கு மட்டும் இங்கேயே முடிவு தெரிந்துவிடும். மேற்கோளைச் செருக எழுதும் மென்பொருளோடு இணைக்கும் துணை நிரலைச் செருகுநிரல் என்பார்கள். மெண்டலியின் இன்றைய செருகுநிரல் வேர்டுக்கு மட்டுமே உரியது. ஜோட்டெரோ லிப்ரே ஆபீஸிலும் கூகுள் டாக்ஸிலும் வேலை செய்கிறது.

மெண்டலிக்கு ஒரு வலுவான புள்ளி இருக்கிறது. இணையச் சேமிப்பிடமாக அது 2 ஜி.பி. இலவசமாகத் தருகிறது, ஜோட்டெரோ தருவது 300 எம்.பி. மட்டுமே. ஆங்கிலக் கட்டுரைகளாகவே படிப்பவருக்கு 300 எம்.பி. சில காலம் தாங்கும். பழந்தமிழ் நூல்களின் ஒளிவருடிய (ஸ்கேன் செய்த) பி.டி.எஃப். வைத்திருப்பவருக்கு அது நாலைந்து நூல்களிலேயே நிரம்பிவிடும். ஆண்டுக்கு 20 டாலர் கட்டினால் 2 ஜி.பி. கிடைக்கும். நான் கட்டவில்லை. கோப்பு ஒத்திசைவை, அதாவது கணினியில் உள்ளதை இணையச் சேமிப்பிடத்திலும் தானாகவே வைக்கும் வசதியை, நிறுத்திவிட்டு நூல் விவரங்களை மட்டும் ஒத்திசைக்கிறேன், விவரங்களுக்கு அளவு வரம்பு கிடையாது. பி.டி.எஃப். கோப்புகள் என் கணினியிலும் ஒரு வெளி வன்தட்டிலும் இருக்கின்றன. கைப்பேசியிலும் அதே பி.டி.எஃப்.-ஐத் திறக்க வேண்டும் என்பவருக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறு கேள்வி: ஐந்தாறு ஆண்டுகள் சேர்த்ததை ஒருநாள் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு கிளம்ப முடியுமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டுகள் கிடைக்கும். இத்தனை காலத்துக்கு ஒரு மென்பொருள் நம்மோடு வர வேண்டும். மெண்டலியின் கதையை அந்த அளவுகோலால் பார்ப்போம். லண்டனில் சிறு நிறுவனமாகத் தொடங்கிய அதை 2013இல் ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியர் வாங்கியது. 2018இல் கணினியில் இருக்கும் தரவுத்தளத்தை மறையாக்கம் செய்தார்கள். நம் கணினியில், நாமே சேர்த்த குறிப்புகளை வேறு மென்பொருள் திறந்து படிக்க முடியாமல் போயிற்று. 2021இல் கைப்பேசிச் செயலியை விலக்கிக்கொண்டார்கள். 2022இல் பழைய மெண்டலி டெஸ்க்டாப்பைப் புதிதாகத் தரவிறக்க முடியாதபடி நிறுத்தி, எல்லோரையும் மெண்டலி ரெஃபரன்ஸ் மேனேஜருக்கு நகரச் சொன்னார்கள். 2017இல் ஆய்வில் சேர்ந்து 2023இல் ஆய்வேடு ஒப்படைத்த ஒருவர் இந்த மூன்று மாற்றங்களையும் நடுவழியில் சந்தித்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் பக்கம் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் வாடகை வீட்டில் சுவரை எப்போது இடிப்பது என்று முடிவு செய்பவர் வீட்டுக்காரர்தான்.

ஜோட்டெரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை சார்ந்த ஒரு மையத்திலிருந்து வந்தது. இப்போது இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று அதை நடத்துகிறது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. கணக்குத் தொடங்காமலே வேலை செய்யலாம். மெண்டலியில் எல்செவியர் கணக்கு இல்லாமல் உள்ளே நுழைய முடியாது.

உங்கள் கணினியில் ஜோட்டெரோ என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். உள்ளே ஸோட்டெரோ.எஸ்கியூலைட் என்று ஒலிக்கும் பெயரில் ஒரு கோப்பு இருக்கும், அதுதான் தரவுத்தளம். பக்கத்தில் 'ஸ்டோரேஜ்' என்ற உறை, அதற்குள் எழுத்தும் எண்ணும் கலந்த எட்டெழுத்துப் பெயர்களில் சிறு சிறு உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பி.டி.எஃப். இவ்வளவுதான் உங்கள் நூலகம். மென்பொருளை மூடிவிட்டு இந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வேறு கணினியில் வைத்தால், பழைய குறிப்புகள், அடிக்கோடுகள், பகுப்புகள் எல்லாம் அங்கே வந்துவிடும். அந்தத் தரவுத்தளக் கோப்பை இலவசமாகக் கிடைக்கும் எந்த எஸ்கியூலைட் கருவியாலும் திறக்கலாம். நாளை ஜோட்டெரோவே இல்லாமல் போனாலும் என் பதிவுகள் என் கையில் இருக்கும். எதைக் கைவிட்டாலும் இதைக் கைவிட மாட்டேன் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். மெண்டலியிலிருந்தும் பதிவுகளை மேற்கோள் மென்பொருள்கள் பொதுவாகப் படிக்கும் ஆர்.ஐ.எஸ்., பிப்டெக் வடிவங்களில் ஏற்றுமதி செய்யலாம். ஆனால் அவை நூல் விவரங்களைத்தான் சுமந்து வரும், பி.டி.எஃப். கோப்புகள் தனி.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கோப்புறையைக் கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவு உறைக்குள் வைக்காதீர்கள். தரவுத்தளம் பழுதடையும் என்று ஜோட்டெரோவின் ஆவணங்களே சொல்கின்றன. அங்கே நகல் வைக்கலாம், மூலத்தை வைக்கக் கூடாது.

தமிழ் நூல்களுக்கு வரும்போது இரண்டும் கைவிரிக்கின்றன. படமாக ஒளிவருடிய நூலிலிருந்து தலைப்பையும் ஆசிரியரையும் இரண்டில் எதுவும் தானாகப் படிப்பதில்லை. பாமினி எழுத்துரு, டிஸ்கி குறியாக்கம் போன்ற பழைய முறைகளில் அமைந்த பி.டி.எஃப். என்றால் நகலெடுத்து ஒட்டினாலும் குப்பைதான் வரும். உட்கார்ந்து கையால் நிரப்ப வேண்டும். அப்போது பெயர் ஒரு சிக்கல். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். உ.வே. சாமிநாதையருக்கு எது குடும்பப் பெயர்? ஜோட்டெரோவில் அந்தக் கட்டங்களின் ஓரத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'சாமிநாதையர், உ.வே.' என்று தட்டினால் பட்டியலில் அப்படியே அச்சாகி, சகர வரிசையில் போய் நிற்கும். அடிக்குறிப்பிலும் 'உ.வே.' பின்னால் வருவது ஒரு குறை. கடைசியில் அதைக் கையால்தான் மாற்றுகிறேன்.

வகுப்புக்கு ஜோட்டெரோவின் குழு நூலகம் வசதி. மாணவர்கள் எத்தனை பேரையும் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். சங்க இலக்கியப் பதிப்புகளின் பட்டியலை ஒருவர் தொடங்க, மற்றவர் ஆண்டையும் பதிப்பகத்தையும் திருத்துவார். குழுவில் பி.டி.எஃப். போட்டால் மட்டும் அது குழுவைத் தொடங்கியவரின் 300 எம்.பி. கணக்கில் ஏறும். விவரங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மெண்டலிக் குழுக்களில் நான் பாடம் நடத்தியதில்லை.

ஜோட்டெரோவும் மாறாமல் நிற்பதில்லை. 2024இல் ஏழாம் பதிப்பு வந்தபோது ஆறாம் பதிப்புக்கு எழுதப்பட்ட செருகுநிரல்கள் பல வேலை செய்யவில்லை, அவற்றை எழுதியவர்கள் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆய்வேடு ஒப்படைக்கும் பருவத்தில் எந்த மென்பொருளையும் புதிய பதிப்புக்கு ஏற்றாதீர்கள்.

ஏற்கெனவே மெண்டலியில் பாதி ஆய்வேடு எழுதிவிட்டவர், அது ஓடிக்கொண்டிருந்தால், அதிலேயே முடிக்கட்டும். வேர்டில் செருகிய மேற்கோள்களை நடுவில் மாற்றும் தொல்லைக்கு எந்த ஆதாயமும் ஈடாகாது. ஒப்படைத்த பிறகு ஜோட்டெரோவின் இறக்குமதி வசதியில் மெண்டலிக் கணக்கைத் திறந்தால் பதிவுகளும் பி.டி.எஃப்.களும் வந்து சேரும். இப்போதுதான் பதிவு செய்திருப்பவர் முதல் கட்டுரையிலிருந்தே ஜோட்டெரோவில் தொடங்கலாம். வெளி வன்தட்டு ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.