காதை நம்புவதா, விடைகளை ஒப்பிடுவதா?

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் ஆங்கில இலக்கணக் கேள்விகளுக்கு, சேலம் அஸ்தம்பட்டியில் நான் பாடம் சொல்லித்தரும் மாணவர்கள் மூன்று வழிகளில் விடை தேடுகிறார்கள்: விதிகளை மனப்பாடம் செய்வது, காதுக்குச் சரியாக ஒலிப்பதைக் குறிப்பது, நான்கு விடைகளும் எதில் மாறுபடுகின்றன என்று முதலில் பார்ப்பது. மனப்பாடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்த விதியைக் கேட்கிறார்கள் என்பது பிடிபடாதவருக்கு விதி தெரிந்தும் பயனில்லை.

வாசிப்புக் கேள்விகளும் சேர்ந்த ஒரு பகுதிக்கு 32 நிமிடங்களில் 27 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு ஏறத்தாழ 71 நொடிகள் என்பதால், காதை நம்பும் வழியின் வேகம் மாணவர்களை இழுக்கிறது. ஆனால் அந்தக் காது தமிழில் ஊறியது. ‘தி குவாலிட்டி ஆஃப் சேலம் மேங்கோஸ்’ என்பதற்குப் பின் ‘ஹேஸ்’ வருமா, ‘ஹேவ்’ வருமா என்று கேட்டால், வகுப்பில் ‘ஹேவ்’ என்ற குரலே ஓங்கி ஒலிக்கும். சரியான விடையோ ‘ஹேஸ்’. தமிழில் ‘சேலத்து மாம்பழங்களின் தரம் உயர்ந்திருக்கிறது’ என்னும்போது எழுவாயாகிய ‘தரம்’ வினையை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் முன்னால் போய்விட, மாம்பழங்கள் வினைக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்துகொள்கின்றன. போதாக்குறைக்கு, ‘மரங்கள் விழுந்தது’ என்று பேசிப் பழகிய நமக்கு ஒருமை பன்மைப் பிசகு உறுத்துவதே இல்லை. ‘மழை பெய்தது, ஏற்காட்டுப் பாதை மூடப்பட்டது’ என்பதும் தமிழில் இயல்பானதே. இரு முழு வாக்கியங்களை இப்படி வெறும் கமாவால் இணைப்பதை எஸ்.ஏ.டி. பிழையாகவே கொள்கிறது.

ஒப்பிடும் வழியில் செல்பவர், ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ என்ற வேறுபாட்டைக் கண்டதுமே இது ஒருமை பன்மை பற்றிய கேள்வி என்று தெரிந்து எழுவாயைத் தேடிப் போகிறார். சொற்கள் மாறாமல் ஒரு விடையில் அரைப்புள்ளியும் இன்னொன்றில் முற்றுப்புள்ளியும் இருந்தால், இரண்டும் செய்வது ஒரே வேலை, சரியான விடையோ ஒன்றுதான் என்பதால் இரண்டையுமே அடித்துவிடலாம். இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே நான் இவ்வழியின் பக்கம் சாய்கிறேன். தொடக்கத்தில் இது மெதுவாகத்தான் நகரும் என்பதையும், வினையின் காலம் பற்றிய எளிய கேள்விகளில் காதே முந்திக்கொள்ளும் என்பதையும் மறுக்கவில்லை.

விடைகள் முழுமுழு வாக்கியங்களாக மாறும்போது இவ்வழி திணறுவது போலத் தோன்றும். ஆனால் ‘மலையேறும்போது’ என்ற பொருளில் தொடங்கும் ஆங்கில வாக்கியத்தில், கமாவுக்குப் பின் முதலில் வருவது ஏரியா, ஏறியவரா என்பதை மட்டும் ஒவ்வொரு விடையிலும் பார்த்தால் போதும். அங்கே ஏறியவரே வர வேண்டும், ஏரி மலையேறாது.