பத்மினியில் ஆயில் பிரஷர் கேஜ்: ஐந்து வருட அனுபவம்

அப்பா வாங்கிய 1986 பிரீமியர் பத்மினி இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. 1089 சிசி எஞ்சின், ஒரு முறை சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) பிஸ்டன் மாற்றியது. ஆயில் பிரஷரைப் பற்றிச் சொல்ல டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். பிரஷர் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே விழுந்த பிறகுதான் பொதுவாக அந்த மாதிரி விளக்கு எரியும். அந்த நேரத்துக்கு, எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஆயில் இல்லாமல் தேய ஆரம்பித்திருக்கும். அதனால் 2020ல், பிரஷரை முள்ளால் காட்டும் கேஜ் ஒன்றைத் தனியாக மாட்டினேன்.

மெக்கானிக்கல் கேஜ்தான் நம்பகமானது. ஆனால் சூடான ஆயில் மெல்லிய டியூப் வழியாக டேஷ்போர்டு வரை வரும். டியூப் விரிசல் விட்டால் ஓட்டுபவர் காலில்தான் கொட்டும். ஆகவே எலக்ட்ரிக் கேஜ், 0 முதல் 5 பார் வரை. வயரிங் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் இருந்து 3 ஆம்ப் ஃபியூஸ் வழியாக ஒரு வயர், எர்த்துக்கு ஒன்று, சென்சாருக்கு ஒன்று, உள்ளே எரியும் பல்புக்குப் பார்க் லைட் லைனில் இருந்து ஒன்று. சிவப்பு விளக்கை எரிய வைக்கும் பழைய ஆயில் சுவிட்சை எஞ்சினில் இருந்து கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், அதே மரைக்குப் பித்தளையில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) கடைந்து வாங்கினேன். ஒரு வாயில் பழைய சுவிட்ச், இன்னொன்றில் புது சென்சார்.

ஸ்டார்ட் செய்தால் முள் தலைகீழாக ஓடியது. எஞ்சின் நிற்கும்போது 5க்கும் மேலே, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கீழே. வயரை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று ஒரு மணி நேரம் தேடினேன். தப்பு வயரில் இல்லை. சென்சார்களில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்றின் மின்தடை பிரஷர் இல்லாதபோது 10 ஓம், முழு பிரஷரில் 180 ஓம் பக்கம். மற்றது 240 ஓமில் தொடங்கி 33க்கு இறங்கும். என் கேஜ் முதல் வகை, கடையில் கொடுத்த சென்சார் இரண்டாவது வகை. மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை ஒரு நிமிடம் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். சரியான சென்சார் போட்டதும் முள் ஒழுங்கானது.

எட்டு மாதம் கழித்து டீயின் கழுத்தில் ஆயில் கசிந்தது. சென்சார் டப்பா கனமானது. எஞ்சின் அதிர்வில் அது ஆடி ஆடி பித்தளையில் விரிசல் விழுந்துவிட்டது. புது டீயில் இருந்து ஒரு ரப்பர் ஹோஸ் கொண்டுபோய், பானெட்டுக்குள் பின் சுவரில் பிராக்கெட் அடித்துச் சென்சாரை அங்கே மாட்டினேன். சாவி போட்டதும் முள் நேராக 5ல் போய் நின்றது. இந்தச் சென்சாருக்குத் தன் உடம்புதான் எர்த். முன்பு அது எஞ்சின் பிளாக் வழியாகக் கிடைத்தது, இப்போது ஹோஸும் பெயின்ட்டும் தடுத்துவிட்டன. பிராக்கெட் போல்ட்டில் ஒரு வயர் கொடுத்தேன். அப்புறமும் எஞ்சின் நிற்கும்போதே அரை பார் காட்டியது. சென்சார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் கிட்டத்தட்ட 20 ஓம். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் வைத்து இறுக்கியதும் முள் 0க்கு வந்தது. இந்த வகைக் கேஜில் எர்த் மோசமானால் பிரஷர் கூடுதலாகத் தெரியும். குறைவாகக் காட்டினால் பயந்து வண்டியை நிறுத்துவோம், கூடுதலாகக் காட்டினால் நிம்மதியாக ஓட்டிக்கொண்டே இருப்போம். ஆகவே சாவி போட்டு, ஸ்டார்ட் செய்வதற்கு முன் முள் 0ல் இருக்கிறதா என்று இப்போது தினமும் பார்க்கிறேன்.

ஹெட்லைட் போட்டால் முள் லேசாகத் துள்ளுவதும் இதே எர்த் கோளாறுதான். கேஜுக்குப் பேட்டரி நெகட்டிவில் இருந்து தனி வயர் இழுத்ததும் நின்றது.

போன வருடம் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறினோம். வழியில் பர்லியாரில் நிறுத்தியபோது ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) முள் 0.6. சூடான எஞ்சினில் எப்போதும் 1 காட்டும். சிவப்பு விளக்கு எரியவில்லை. திரும்பி வந்ததும் மெக்கானிக் அண்ணன், "கிராங்க் பேரிங் தேஞ்சிருக்கும் தம்பி, எஞ்சினை இறக்கணும்" என்றார். அதற்கு முன் பட்டறையில் இருந்த மெக்கானிக்கல் கேஜைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதுவும் 0.6 தான் காட்டியது. கேஜ் பொய் சொல்லவில்லை என்று உறுதியானது. பிறகு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினேன். நான் ஒரு சொட்டு ஆயில் ஊற்றாதபோதும் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. மூக்கருகே வைத்தால் பெட்ரோல் வாசம். விரல்களுக்கிடையே தேய்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. பெட்ரோல் பம்பின் டயாபிரம் (உள்ளே அசையும் சவ்வு) கிழிந்து, பெட்ரோல் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்க வைத்திருக்கிறது. பம்ப்பை மாற்றி, ஆயிலையும் மாற்றினோம். ஐடிலிங் மறுபடி 1. அந்த முள் இல்லாமல் இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் அண்ணன் சொன்ன பேரிங் உண்மையிலேயே போயிருக்கும்.

இப்போது காலையில் குளிர்ந்த எஞ்சினில் 4, சூடான பிறகு 60 கி.மீ. வேகத்தில் மூன்றரை. சிவப்பு விளக்கையும் கழற்றவில்லை. இரவில் எதிர் வெளிச்சம் அடிக்கும்போது கண் ரோட்டில்தான் இருக்கும், முள்ளைப் பார்க்க முடியாது. அப்போது அந்த விளக்கு தேவை.