செங்கோட்டை வாடகை நூலகம்: கீழ்த்தட்டைக் கேட்டு வாங்குங்கள்

கேரள எல்லை மலையில், ஆரியங்காவுப் பக்கம் இருக்கிற எங்களுக்குத் தமிழ்க் கதைப்புத்தகம் வேண்டுமென்றால் மலை இறங்கித்தான் ஆகவேண்டும். தென்காசி பஸ் பிடித்து செங்கோட்டையில் இறங்கினால் கடைத்தெருவுக்குள் ஒரு பழைய வாடகை நூலகம். முன்பணம் கட்டிவிட்டால், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை.

வார இதழ், சமையல், ஜோதிடமெல்லாம் எங்கும் கிடைக்கும். இங்கே விசேஷம் உள்சுவரோரம் நிற்கும் மர்மக்கதை அலமாரி. பாக்கெட் நாவல்களை மூன்று மூன்றாகச் சேர்த்து பைண்டிங் போட்டு வைத்திருக்கிறார் கடைக்கார அண்ணாச்சி. அதில் பேய், சாமி வருகிற கதைகளுக்கு இரண்டு தட்டு. கடைசியில் எல்லாம் மனுஷன் செய்த வேலை என்று முடிபவை மேலே. கொலைகாரன் பிடிபட்ட பிறகும் ஏதோ ஒன்று விளங்காமல் நிற்பவை கீழே. "டீச்சர், உங்களுக்குக் கீழ்த்தட்டுதான்" என்பார்.

எனக்கு அதுதான் பிடிக்கும். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் அச்சன்கோவில். பாம்பு கடித்து யாராவது வந்தால் நடுராத்திரியிலும் நடை திறந்து, சாஸ்தா கையிலிருக்கும் சந்தனத்தை எடுத்துக் கொடுக்கிற கோயில். ஜீப் பிடித்து விஷமுறிவு ஊசிக்கும் ஓடுகிற ஊர்தான் எங்களுடையது. அப்படியிருக்க, கடைசி அத்தியாயத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கருப்பசாமியின் முகமூடியைக் கழற்றிக் காட்டினால் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

போன தடவை எடுத்தது ஒரு மலையடிவார ஊர்க் கதை. ஸ்டேஷன் மாஸ்டர் செத்த பிறகும் அவருடைய கைவிளக்கு ராத்திரியில் தண்டவாளத்தோரம் நகர்கிறது. 1904-ல் திறந்த எங்கள் ரயில் பாதை, பதிமூணு கண் பாலம், ஆரியங்காவுக் குகை எல்லாம் கண்ணுக்குள் வந்தன. எழுதியவருக்கு சின்ன ஊர் நன்றாகத் தெரிந்திருக்கிறது. யார் வீட்டு வாசலில் யார் சைக்கிள் நின்றது என்று டீக்கடைக்குத்தான் தெரியும். துப்பும் அங்கிருந்தே கிடைக்கிறது. கொலை சொத்துக்காக. விளக்கைத் தூக்கி வந்தது யார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அருமை!

குறையும் உண்டு. தையல் இறுகி உள்ஓர எழுத்துகள் மறைந்துவிடுகின்றன. கடைசிப் பக்கத்தைக் கிழித்துப்போகிற பாவிகளும் இருக்கிறார்கள். அண்ணாச்சி வேறு பிரதி தேடி, அந்தப் பக்கத்தை நீலப்பேனாவால் எழுதி ஒட்டி வைக்கிறார். எந்தக் கடையில் இந்த அக்கறை இருக்கிறது?

மதியம் பூட்டியிருக்கும். காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள்.