கடலடி மணலின் பூர்வீகம்: எல்லா மணிகளையும் எண்ணுவதா, சிர்கானை மட்டும் கேட்பதா?

கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், வங்கக் கடலுக்கு அடியில் விசிறிபோல ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. 2015-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் அங்கே 7 இடங்களில் துளையிட்டு மண் எடுத்தது. அதில் ஒரு பிடி மணல் எந்த மலையில் இருந்து வந்தது? கன கனிமங்களை, அதாவது சாதாரண மணலைவிட அடர்த்தியான தாது மணிகளை, எல்லாம் வகைவாரியாக எண்ணலாம். அல்லது அவற்றில் ஒன்றான, யுரேனியம் கொஞ்சம் கலந்த சிர்கானை மட்டும் பொறுக்கி வயது பார்க்கலாம்.

எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். அடர்த்தி 2.9 வரும்படி கலந்த சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலில் மணலைப் போட்டால், 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்ஸ் மிதக்கும், கனமானவை அடியில் இறங்கும். கன்னியாகுமரிப் பக்கம் அலை அடித்து அடித்துக் கறுப்பும் சிவப்புமாகத் தாது மணலை ஒதுக்குகிறதே, கிட்டத்தட்ட அதே பிரிப்புதான். அப்புறம் மைக்ராஸ்கோப். தட்டைத் திருப்பத் திருப்ப ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்தின் பச்சை வெளிறி மறுபடி அடர்ந்து வரும். ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் இரண்டு போலராய்டு தகடுகளையும் குறுக்காக வைத்தால் கார்னெட் எப்படித் திருப்பினாலும் கறுப்புதான். இப்படி 200, 300 மணிகள்.

சிர்கானில் லேசரைப் பாய்ச்சி, யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கும். 5 முதல் 10 கோடி ஆண்டு வயதுள்ள மணிகள் கணிசமாக வந்தால், தெற்குத் திபெத்தின் கங்தீசே கிரானைட்தான் முதல் சந்தேகம். அதை அரித்து வருவது பிரம்மபுத்திரா. இந்தத் துல்லியம் எண்ணிக்கையில் கிடைக்காது. ஆனால் சிர்கான் பிறந்த ஊரைத்தான் சொல்லும். இடையில் எத்தனை மணற்பாறைகளில் தங்கி வந்தது என்று சொல்லாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கோதாவரி அரித்து வரும் தக்காண பசால்ட்டில், அதாவது உறைந்த எரிமலைக் குழம்புப் பாறையில், சிர்கான் இல்லை என்றே சொல்லலாம். ஆந்திரக் கடலோர மணலுக்குச் சிர்கான் வயதுகளை மட்டும் வரைந்தால், பசால்ட்டின் பங்கு வரைபடத்தில் வரவே வராது. மைக்ராஸ்கோப்பிலோ பசால்ட்டில் நிறைய இருக்கும் பைராக்சீன் என்ற கனிமத்தின் மணிகள் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் கடலடியின் மேல்மண்ணுக்கு, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், நான் எண்ணிக்கையைத்தான் எடுப்பேன்.

ஆழமான, பழைய அடுக்குகளில் கதை வேறு. புதைந்த மணலின் இடுக்குகளில் இருக்கும் நீர் பைராக்சீனையும் ஹார்ன்பிளெண்டையும் முதலில் கரைத்துவிடும், சிர்கான் தாங்கும். அங்கே பைராக்சீன் இல்லை என்பதால் பசால்ட் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. மிஞ்சிய ஹார்ன்பிளெண்ட் மணிகளின் முனையை முதலில் பார்ப்பேன். ரம்பப் பல் போலக் கரைந்திருந்தால் எண்ணிக்கையை நம்பாமல் சிர்கானிடம் போய்விடுவேன்.