பழுதான மின்சாரக் காரைத் திருப்பிக் கொடுக்க எந்த வழி? கலிஃபோர்னியா உரிமையாளர்களுக்கு ஓர் ஒப்பீடு

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத மின்சாரக் கார் அடிக்கடி சர்வீஸ் சென்டரிலேயே கிடக்கிறது என்றால், கலிஃபோர்னியாவில் அதன் உரிமையாளருக்கு ஐந்து வழிகள் உண்டு. தயாரித்த கம்பெனிக்கே எழுதி பைபேக், அதாவது காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். மாநில அங்கீகாரம் பெற்ற ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்த்துவைக்கும் முறைக்கு, போகலாம். வக்கீல் வைத்து வழக்குப் போடலாம். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு காரை வைத்துக்கொள்ளலாம். இல்லை, விட்டது தொல்லை என்று டீலரிடம் கொடுத்து வேறு கார் வாங்கி ட்ரேட்-இன் செய்துவிடலாம். நான் பார்த்த வரையில் நம்மவர்கள் பலர் கடைசி வழிக்குத்தான் போகிறார்கள். ஐந்திலும் மோசமானது அதுதான். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் சட்டம் என்ன தருகிறது என்று பார்த்துவிடலாம்.

கலிஃபோர்னியாவில் லெமன் லா என்று சொல்லப்படுவது 1970-இல் வந்த சாங்-பெவர்லி நுகர்வோர் வாரண்டிச் சட்டம். வாரண்டிக்குள் வரும் கோளாறை நியாயமான எண்ணிக்கையிலான முயற்சிகளில் சரிசெய்ய முடியவில்லை என்றால், கம்பெனி பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு கார் தர வேண்டும். பணம்தான் வேண்டும் என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. மாற்றுக் காரை எடுத்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. லீஸ் எடுத்தவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

எத்தனை முயற்சி நியாயமானது? 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முதலில் வருகிறதோ அதற்குள், உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் 2 முறை, மற்ற கோளாறு என்றால் 4 முறை, அல்லது எல்லாம் சேர்த்து 30 நாளுக்கு மேல் கார் ரிப்பேரில் கிடந்தால், வாங்கியவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 18 மாதம் தாண்டினால் உரிமையே போய்விடாது. அந்த அனுமானம் நிரூபிக்கும் சுமையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வாரண்டி காலத்தில் வந்த கோளாறு என்றால் அதற்குப் பிறகும் கேட்கலாம்.

மின்சாரக் கார்களைப் பொறுத்தவரை, முயற்சிகளின் எண்ணிக்கையைவிட அந்த 30 நாள் கணக்குதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈவி6 கார்களின் ஐசிசியு கோளாறையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பேட்டரியிலிருந்து சின்ன 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம் அது. அது கெட்டால் 12 வோல்ட் பேட்டரி மெல்ல வடிந்துவிடும். டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும், வேகம் குறைந்துகொண்டே போகும், கடைசியில் ஃப்ரீவேயில் ஓரம்கட்டி டோ வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். இதற்காக 2024 மார்ச்சிலும் நவம்பரிலும் ஹூண்டாய் அமெரிக்காவில் ரீகால் அறிவித்தது. நவம்பரில் மட்டும் 1,45,000-க்கு மேற்பட்ட கார்கள். இப்படிப்பட்ட பாகம் கையிருப்பில் இல்லை என்றால், ஒரே ஒரு ரிப்பேர் முயற்சியிலேயே 30 நாள் ஓடிவிடும். "நாலு தடவை ஆகவில்லையே" என்று காத்திருக்கத் தேவையில்லை.

பணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் முக்கியம். கொடுத்த விலை, விற்பனை வரி, ரெஜிஸ்ட்ரேஷன், லோன் வட்டி, டோ செலவு, வாடகைக் கார் செலவு எல்லாம் கணக்கில் வரும். நாமாகப் போட்டுக்கொண்ட கண்ணாடி டின்ட், பெயின்ட்டைக் காக்கும் பிபிஎஃப் படலம் போன்றவை வராது. இதிலிருந்து ஓட்டிய மைலுக்கான கழிவு உண்டு: விலையை, முதல்முறை அந்தக் கோளாறுக்காகக் காரைக் கொண்டுபோய் விட்டபோது இருந்த மைலால் பெருக்கி, 1,20,000-ஆல் வகுக்க வேண்டும். 54,000 டாலர் கார், முதல் புகார் 6,000 மைலில் என்றால் கழிவு 2,700 டாலர். அதே கோளாறை "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டு 18,000 மைலில் கொண்டுபோனால் 8,100 டாலர். இன்றைய மைல் எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. முதல் அறிகுறியிலேயே கொண்டுபோய் விட்டு ரிப்பேர் ஆர்டரில் எழுத வைப்பதன் மதிப்பு இதிலேயே தெரியும்.

முதலில் உங்கள் கம்பெனி எந்தப் பக்கம் என்று பாருங்கள்

2025-இலிருந்து கலிஃபோர்னியாவில் விதிகள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. ஏபி 1755 என்ற சட்டம் புது நடைமுறையைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து வந்த எஸ்பி 26, அந்த நடைமுறைக்குள் வருவதா வேண்டாமா என்பதைக் கம்பெனிகளே தேர்ந்தெடுத்துக்கொள்ள விட்டது. ஜிஎம், ஃபோர்டு, ஸ்டெலான்டிஸ் உள்ளே வந்தன. சேர்ந்த கம்பெனிகளின் பட்டியலை மாநிலத்தின் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிடுகிறது.

உள்ளே வந்த கம்பெனி என்றால், வாரண்டி முடிந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எப்படியும் கார் கைக்கு வந்த 6 வருடத்தைத் தாண்டக் கூடாது. வேண்டுமென்றே இழுத்தடித்த கம்பெனிக்கு விதிக்கப்படும் அபராதத்தை, அதாவது இழப்பைப் போல இரண்டு மடங்கு வரை, கேட்க வேண்டுமானால் 30 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அந்த 30 நாளும் கார் உங்கள் வசம் இருக்க வேண்டும். வெளியே நின்ற கம்பெனி என்றால் பழைய விதிதான்: நோட்டீஸ் கட்டாயம் இல்லை, வழக்குப் போட பொதுவாக 4 வருடம்.

நேரடியாகக் கேட்பதா, ஆர்பிட்ரேஷனா, வக்கீலா?

நேரடிக் கடிதத்தில் செலவு ஒன்றும் இல்லை. கார் எண், வாங்கிய தேதி, ரிப்பேருக்குப் போன தேதிகள், "பணத்தைத் திருப்பித் தரக் கேட்கிறேன்" என்ற ஒரு தெளிவான வரி, எல்லா ரிப்பேர் ஆர்டர்களின் நகல்: இவ்வளவு போதும். அனுப்ப வேண்டியது தயாரிப்பாளருக்கு. டீலருக்கு அல்ல, சர்வீஸ் அட்வைசருக்கும் அல்ல. அட்வைசர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பைபேக் அவர் கையில் இல்லை. அவரிடம் மன்றாடி மாதங்களை வீணாக்குபவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உள்ளே வந்த கம்பெனி இந்த நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் பைபேக் தர முன்வந்து, 60 நாளுக்குள் முடித்துவிட்டால், இரட்டை அபராதத்திலிருந்து தப்பிக்கலாம். ஆகவே அவர்களுக்கும் சீக்கிரம் முடிக்க ஒரு காரணம் இருக்கிறது. அபராதம் போகிறதே என்று சிலர் யோசிப்பார்கள். இரண்டு மாதத்தில் காரின் முழுப் பணமும் கைக்கு வருகிறது என்றால் அதை எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்பேன். வெளியே நின்ற கம்பெனிக்கு இப்படிக் கெடு எதுவும் இல்லை. பதில் வராமலே போகலாம். ஆனாலும் கடிதம் வீண் அல்ல. தெரிந்தும் இழுத்தடித்தார்கள் என்பதற்கு அதுவே பிற்பாடு சாட்சி.

ஆர்பிட்ரேஷன் என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, மாநிலம் அங்கீகரித்த திட்டம். இலவசம், 40 நாளில் தீர்ப்பு. தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மட்டுமே அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். பிடிக்கவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே இரட்டை அபராதம் கிடையாது, இன்னொரு முறை ரிப்பேர் செய்து பாருங்கள் என்று தீர்ப்பு வரவும் வாய்ப்புண்டு, தோற்றுவிட்டால் அந்தத் தீர்ப்பையே கம்பெனி கோர்ட்டில் சாட்சியாக வைக்கலாம். அதே சமயம், உங்கள் கம்பெனிக்கு அப்படித் தகுதிபெற்ற திட்டம் இருந்தால், அங்கே போகாமல் மேலே சொன்ன 18 மாத அனுமானத்தைக் கோர்ட்டில் பயன்படுத்த முடியாது. கோளாறு தெளிவாகப் பதிவாகி, 30 நாள் கணக்கு காகிதத்திலேயே தெரிகிறது என்றால் இந்த வழி நல்ல வழி. விட்டு விட்டு வரும் கோளாறு, "சோதித்தோம், கோளாறு தென்படவில்லை" என்று எழுதிய ரிப்பேர் ஆர்டர்கள் என்றால் நான் போகமாட்டேன்.

இன்னொன்று, வாங்கும்போது நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும் கட்டாய ஆர்பிட்ரேஷன். டீலரிடம் வாங்கியவர்களுக்கு இதில் நல்ல செய்தி: டீலரோடு போட்ட விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டித் தயாரிப்பாளர் வாரண்டி வழக்கை ஆர்பிட்ரேஷனுக்கு இழுக்க முடியாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஃபோர்டு வழக்குகளில் சொல்லிவிட்டது. ஆனால் டீலரே இல்லாமல் நேரடியாக விற்கும் மின்சாரக் கார் கம்பெனிகளில், ஒப்பந்தம் தயாரிப்பாளரோடேயே போடப்படுகிறது. டெஸ்லாவின் ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவு உண்டு. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கடிதம் போட்டு அதிலிருந்து விலகிக்கொள்ளவும் அதே ஒப்பந்தம் இடம் தருகிறது. புதிதாக வாங்குபவர்கள் முதல் வாரத்திலேயே அந்தக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள். தபால் செலவைத் தவிர வேறு இழப்பு இல்லை.

மூன்றாவது, வக்கீல். ஜெயித்தால் நம் வக்கீல் ஃபீஸையும் கம்பெனியே கட்ட வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. ஒரு சாதாரணக் குடும்பம் இவ்வளவு பெரிய கம்பெனியோடு மோத முடிவதே அதனால்தான். பெரும்பாலான லெமன் லா வக்கீல்கள் முன்பணம் கேட்பதில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: தோற்றால் நான் ஏதாவது கட்ட வேண்டுமா? எனக்கு வரும் தொகையில் உங்களுக்குப் பங்கு உண்டா? நான் பைபேக்தான் வேண்டும் என்று சொன்னால் அதில் நிற்பீர்களா, இல்லை சீக்கிரம் ஒரு தொகைக்கு முடித்துவிடச் சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். காலம்தான் இதில் விலை. வழக்கு வருடத்தைத் தாண்டி ஓடலாம். அதுவரை லோன் தவணை கட்டியாக வேண்டும்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு கசப்பான செய்தி. கம்பெனி வாரண்டியில் மிச்சம் இருக்கிறது என்பதாலேயே பழைய கார் புதுக் காராகிவிடாது, பைபேக் உரிமை வராது என்று 2024 அக்டோபரில் ரோட்ரிகஸ் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விற்பனையோடு சேர்த்து புதுக் கார் வாரண்டி கொடுக்கப்பட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

மாற்றுக் கார், ரொக்கம், ட்ரேட்-இன்

மாற்றுக் கார் தருகிறோம் என்பார்கள். அதே மாடல், அதே பாகம் என்றால் வேண்டாம். கோளாறு அந்த ஒரு காரில் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது என்ற சந்தேகம் இருக்கும்போது இன்னொன்றை வாங்கி வைத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

ரொக்கம் வாங்கிக்கொண்டு காரை வைத்துக்கொள்வது சில சமயம் சரிதான். திரை உறைந்துபோகிறது, கதவு சரியாகப் பொருந்தவில்லை, ஸ்பீக்கர் இரைகிறது என்ற அளவில் இருந்து, மற்றபடி கார் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது சக்தி போவது, சார்ஜ் ஏறாதது, பேட்டரி என்றால் கூடவே கூடாது. செட்டில்மென்ட் காகிதத்தில் அந்தக் கோளாறுக்கான உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறோம். அப்புறம் நடுரோட்டில் நிற்பது நம் பாடு. ஷெவ்ரோலே போல்ட் என்ற மின்சாரக் காரின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் சில வருட மாடல்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்த தீ அபாய ரீகால், 2021 ஆகஸ்டில் அதுவரை செய்த எல்லா போல்ட்டுக்கும் விரிந்தது, சுமார் 1,42,000 கார்கள். செல்லுக்குள் கிழிந்த ஆனோடு முனையும் மடிந்த பிரிப்பானும்தான் காரணம். 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதே, வெளியில் நிறுத்து என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. பேட்டரிச் சிக்கலின் முழு அளவு முதல் வருடத்தில் தெரியாமல் போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ட்ரேட்-இன் ஏன் மோசம்? மின்சாரக் கார்களின் மறுவிலை வேகமாக விழுகிறது. அந்த நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். உள்ளே வந்த கம்பெனி என்றால், காரைக் கைவிட்ட பிறகு நோட்டீஸ் கொடுத்து இரட்டை அபராதம் கேட்கவும் முடியாது. ட்ரேட்-இன்னில் கிடைத்த தொகையை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்று 2024-இல் நீடர்மையர் வழக்கில் தீர்ப்பு வந்தது உண்மை. ஆகவே ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் ஒரு வக்கீலைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் என்னை உறுத்துவது வேறு. கம்பெனி பைபேக் செய்த காரின் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், 'லெமன் லா பைபேக்' என்ற முத்திரை விழும், கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்டப்படும், மறுபடி விற்கும்போது கோளாறைச் சொல்லியாக வேண்டும். ட்ரேட்-இன்னில் போன காருக்கு எந்த அடையாளமும் இல்லை. ஃப்ரீவேயில் நிற்கக்கூடிய கார், ஒன்றும் தெரியாத இன்னொரு குடும்பத்தின் கைக்குப் போகிறது.

காகிதம்

எந்த வழி எடுத்தாலும் ரிப்பேர் ஆர்டர்தான் ஆதாரம். ஒவ்வொரு முறையும் உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, மைல், நீங்கள் சொன்ன புகார் நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே இருக்கிறதா என்று கவுண்டரிலேயே படித்துப் பாருங்கள். "வாடிக்கையாளர் மென்பொருள் அப்டேட் கேட்டார்" என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டது அப்டேட் அல்ல, 65 மைல் வேகத்தில் சக்தி போனதற்கான காரணம். வீட்டில் நிற்கும் காருக்கு இரவில் தானாக இறங்கும் அப்டேட்டுக்கு ரிப்பேர் ஆர்டரே இருக்காது. ஆகவே அதற்கு முன் புகாரை ஆப்பில் எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாகம் வரும்வரை காரை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்பார்கள். ஓட்ட ஆபத்தான கார் என்றால் எடுக்காதீர்கள். அவர்களிடம் இருக்கும் நாள்தான் சிக்கலில்லாமல் கணக்கில் ஏறும். அதுவரை ஓட்ட லோனர் கார் கொடுத்தாலும் அந்த நாள்கள் கணக்கில் உண்டு.

மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு. நியூ ஜெர்சியில் 24 மாதம் அல்லது 24,000 மைலுக்குள் 3 முறை அல்லது 20 நாள். கடுமையான பாதுகாப்புக் கோளாறுக்கு ஒரே முறை. அதற்குப் பிறகு கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடைசி வாய்ப்பு தர வேண்டும். டெக்சாஸில் மாநில மோட்டார் வாகனத் துறையிடமே 35 டாலர் கட்டிப் புகார் கொடுக்கலாம்.

என் வரிசை இதுதான்: கம்பெனி எந்தப் பக்கம் என்று பார்த்து, கடிதம் போடுங்கள். ஒரு மாதத்தில் உருப்படியான பதில் இல்லை என்றால் வக்கீல். ஆதாரம் பளிச்சென்று இருந்து அபராதத்தில் ஆசை இல்லை என்றால் மட்டும் மாநில ஆர்பிட்ரேஷன். பைபேக் கடிதம் வந்ததும், கழிவுக்கு எடுத்துக்கொண்ட மைல் முதல் ரிப்பேர் ஆர்டரில் இருக்கும் மைல்தானா என்று ஒத்துப் பாருங்கள். லோன் முழுவதும் அடைக்கப்பட்டது என்று வங்கியின் கடிதம் கைக்கு வரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் தவறினாலும் கிரெடிட் ஸ்கோரில் விழும் அடி உங்களுக்குத்தான்.