ஹீட்டர்ல குளிர் காத்து வருதுன்னு டேஷ்போர்ட கழட்ட விட்டுடாதீங்க

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் பழைய டீசல் கார் வச்சிருக்கவங்க கொஞ்சம் படிச்சுட்டு போங்க. நம்ம ஊர் வெயிலுக்கு எவன்யா ஹீட்டர் போடுறான்னு சிரிப்பீங்க, நானும் கார் வாங்கி ஆறு வருசமா அந்த குமிழ சிவப்பு பக்கம் திருப்புனதே இல்ல. போன டிசம்பர் லீவுக்கு அம்மா, வூட்டுக்காரம்மா, பையன்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டு கொடைக்கானல் போனப்பதான் முத தடவ போட்டேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுறப்ப லேசா வெதுவெதுன்னு வந்துச்சு, சரி பழைய வண்டிதானேன்னு விட்டுட்டேன். திரும்புற அன்னிக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு இறங்க ஆரம்பிச்சா அந்த வெதுவெதுப்பும் போச்சு, பச்ச குளிர் காத்து, கண்ணாடி உள்பக்கம் பூரா ஆவி புடிச்சு ரோடே தெரியல, வூட்டுக்காரம்மா துண்டு வச்சு தொடச்சிக்கிட்டே வர்றாங்க, பின்னாடி அம்மா பேரன போர்வைக்குள்ள வச்சுக்கிட்டு முருகா முருகாங்குறாங்க.

ஊருக்கு வந்து வழக்கமா விடுற கடையிலயே விட்டேன். பேர் போடல, தேவையில்லாம பஞ்சாயத்து ஆகும். ஒரு ஹோஸ கூட தொட்டுப் பாக்காம, வண்டிய ஸ்டார்ட் கூட பண்ணாம, "ஹீட்டர் காயில் அடைச்சிருச்சுண்ணே, டேஷ்போர்ட இறக்கணும்"னுட்டான். ஹீட்டர் காயில்னா டேஷ்போர்டுக்கு உள்ள எஞ்சின் சுடுதண்ணி ஓடுற குட்டி ரேடியேட்டர் மாதிரி, அந்த சூட்டுலதான் காத்து சூடாகும். மூணு நாள் ஆகும்னு சொல்லி ஒன்பது நாள் வச்சிருந்தான். 14,500 ரூபா. பில்லு கேட்டா ஒரு துண்டு சீட்டுல எழுதிக் குடுத்தான். பழைய காயில்னு துருப்புடிச்ச ஒண்ண காமிச்சான், அது என் வண்டியோடதுதானான்னு சாமி மேல சத்தியமா எனக்கு தெரியாது. கடையிலேருந்து எடுத்துட்டு வர்ற வழியிலயே போட்டுப் பாத்தேன், அதே குளிர் காத்து. போன் பண்ணுனா சொல்றான், "இங்க வெயில்ல தெரியாதுண்ணே, மலைக்கு போனா சூடா வரும்"னு. நான் மலைக்கு போயிட்டு வந்துதானேடா உன்கிட்ட விட்டேன்.

அப்பறம் மச்சான் சொல்லி கும்பகோணத்துல ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவர் டேஷ்போர்ட் பக்கமே வரல. எஞ்சின் ஆறி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ண சொன்னாரு, ரேடியேட்டர் மேல் ஹோஸ்ல கைய வச்சுக்கிட்டு நின்னாரு. ஆரம்பத்துலேருந்தே அந்த ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பு ஏறுது. "தம்பி, இது இப்ப சில்லுன்னு இருக்கணும், எஞ்சின் நல்லா சூடாகி 80 டிகிரிக்கு மேல போயி வால்வு தொறந்தப்பறம்தான் சட்டுனு சுடணும், உள்ள வால்வு இருக்கா இல்லையா"ன்னாரு. டெம்பரேச்சர் முள்ளும் பாதிக்கு வரவே இல்ல, கால்வாசியிலயே நிக்குது. ஹவுசிங்க கழட்டுனா தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம தடுக்குற வால்வு, இருக்க வேண்டிய எடம் வெறும் ஓட்டை!

அப்பதான் எனக்கு உறைச்சுது. ஏப்ரல்ல நீடாமங்கலம் ரயில்வே கேட்ல ஏசி போட்டுக்கிட்டு நிக்கிறப்ப முள்ளு சிவப்புக்கு போச்சுன்னு இதே கடையிலதான் விட்டேன். "சரி பண்ணிட்டேண்ணே, இனிமே எஞ்சின் கூலாவே ஓடும்"னு 2,800 வாங்குனான். சரி பண்ணுனது என்னன்னா வால்வ புடுங்கி எறிஞ்சதுதான், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அது இல்லன்னா தண்ணி நிக்காம ரேடியேட்டர சுத்திக்கிட்டே இருக்கும், எஞ்சின் சரியா சூடே ஏறாது, எஞ்சின் சூட்டுல வர்ற ஹீட்டர் எப்புடி சுடும். ஏறுறப்ப எஞ்சின் முக்குனதால கொஞ்சம் வெதுவெதுப்பு, இறங்குறப்ப அதுவும் கெடையாது. எட்டு மாசமா மைலேஜ் குறைஞ்சதுக்கு நான் பங்க் காரன திட்டிக்கிட்டு இருந்தேன், பாவம்.

ஏப்ரல்ல சூடானதுக்கு உண்மையான காரணத்தையும் பெரியவரே காட்டுனாரு. ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவுல வைக்கோல் தூசி, நெல்லு பதரு, உளுத்தம் பொட்டு, மெத்தை மாதிரி. நம்ம பக்கம்தான் தெரியுமே, அறுப்பு முடிஞ்சா பாதி ரோட்டுல நெல்லு காயும், உளுந்து செடிய வண்டி ஏறட்டும்னு ரோட்டுலயே பரப்பி விட்ருவாங்க, அத்தனையும் முன்னாடி வழியா உள்ள போயி அடைச்சிருக்கு. கூலண்டும் இல்ல, அந்த கடைக்காரன் ஊத்துன வெறும் போர் தண்ணி, செங்கல் கலர்ல வந்துச்சு.

புது வால்வு, கூலண்ட், சுத்தம் பண்ணுன கூலி எல்லாம் சேத்து 3,100. ஒரே மத்தியானம். இப்ப ஹீட்டர் போட்டா கை வைக்க முடியல.

அவர் சொன்னத அப்புடியே எழுதுறேன், உபயோகப்படும். எஞ்சின் நல்லா சூடானப்பறம் ஹீட்டருக்கு போற ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாக்கணும், ஃபேன் பெல்ட்ல கை படாம. ரெண்டும் சுட்டா காயில்ல தண்ணி ஓடுது, உள்ள காத்த திருப்புற கதவோ கேபிளோதான் கோளாறு. ஒண்ணு சுட்டு ஒண்ணு சில்லுன்னு இருந்தா அடைப்பு, இல்லன்னா ஏர் லாக், அதாவது தண்ணி போற வழியில காத்து மாட்டிக்கிட்டு நிக்கிறது. ரெண்டுமே வெதுவெதுன்னா வால்வையும் தண்ணி அளவையும் பாக்கணும். காயில் ஒழுகுனா பக்கத்து சீட்டு காலடி கார்ப்பெட் நனையும், இனிப்பா ஒரு வாடை வரும், எனக்கு ரெண்டுமே இல்ல. சூடா இருக்கறப்ப மட்டும் ரேடியேட்டர் மூடிய தொறந்துடாதீங்க, மூஞ்சி வெந்துரும்.

காச கேட்டு ரெண்டு தடவ அந்த கடைக்கு போனேன். "பில்லு வச்சிருக்கியாண்ணே"ன்னு சிரிக்கிறான். அவன் இறக்கி ஏத்துன டேஷ்போர்ட்ல நாலு ஸ்க்ரூவாவது போடாம விட்டிருக்கான் போல, நீடாமங்கலம் தண்டவாளத்துல ஏறி இறங்குறப்பல்லாம் கடகடன்னு ஆடுது.