மெயிலும் தளமும் ஒரே சர்வரிலா, தனித்தனியாகவா?

பெங்களூருவின் சிவாஜிநகரிலும் அல்சூரிலும் தமிழர்கள் நடத்தும் மொத்த வியாபாரக் கடைகள், அச்சகங்கள் பலவற்றில் நிலைமை ஒன்றுதான். என்றோ வாங்கிய ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை சர்வர். அதிலேயே இணையதளம், அதிலேயே ஊழியர்கள் எல்லாருடைய மெயிலும். தளம் பெருத்து, மெயில் பெட்டிகள் நிரம்பி, சர்வர் திணற ஆரம்பித்ததும் 'அப்படியே வேற சர்வருக்குத் தூக்கிடலாமா அண்ணா?' என்று கேட்பார்கள். தூக்கலாம். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, இருப்பதை அப்படியே பெரிய சர்வருக்கு மாற்றுவது. இரண்டு பக்கமும் சிபேனல் (சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) என்றால் இதைவிட எளிது எதுவுமில்லை. கோப்புகள், டேட்டாபேஸ், மெயில் பெட்டிகள், பாஸ்வேர்டு உட்பட மொத்தக் கணக்கும் நகரும்; ஊழியர்கள் பலருக்கு மாற்றியதே தெரியாது. சிக்கல் பிறகுதான் வரும். மெயிலில் வரும் பெரிய ஃபைல்கள் டிஸ்க்கை நிரப்பினால் தளமும் படுத்துவிடும். சர்வர் விழுந்தால், கொஞ்சம் பொறுங்கள் என்று வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பக்கூட வழியிருக்காது.

இரண்டாவது, கிளவுடில் ஒரு விபிஎஸ் (நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எடுத்து மெயில் சர்வரையும் நாமே நடத்துவது. வாடகையை மட்டும் பார்த்தால் இதுதான் மலிவு. ஆனால் அமேசானும் கூகுள் கிளவுடும் 25ஆம் போர்ட் (சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வாசல்) வழியாக மெயில் வெளியே போவதை எடுத்த எடுப்பிலேயே அடைத்து வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினாலும் மெயில் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க்கும் (அந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) கட்டாயம். சர்வர் பார்க்கவே ஓர் ஆள் இல்லாத நிறுவனத்துக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது மூன்றாவது: தளம் விபிஎஸ்ஸில், மெயில், அதற்கென்றே சேவை தரும் ஸோஹோவிலோ கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வரும், அதைக் கேட்டதும் முதலாளிகள் பின்வாங்குவார்கள். ஆனால் விற்பனை, கணக்கு, விசாரணை போன்ற பொது முகவரிகளுக்குத் தனிப் பெட்டி வேண்டாம். மாற்றுப் பெயராகவோ குழுவாகவோ வைத்தால் போதும். பட்டியலை ஒருமுறை உட்கார்ந்து சலித்தாலே தொகை நன்றாகக் குறையும்.

இந்த வழியில் ஒரு பொறி உண்டு. தளம் சிபேனல் சர்வரில் இருந்தால், அந்த சர்வர் இன்னும் மெயில் தன்னிடமே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். ஆர்டர் படிவத்திலிருந்து வரும் மெயில் புதிய பெட்டிக்கு வராமல் உள்ளேயே பழைய பெட்டியில் போய் விழும். ஜிமெயிலிலிருந்து அனுப்பிப் பார்த்தால் ஒழுங்காக வந்துசேரும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. சிபேனலில் மெயில் ரூட்டிங்கை 'ரிமோட்' (மெயில் வெளி சர்வரில் இருக்கிறது) என்று மாற்றினால் தீர்ந்தது.

எந்த வழியானாலும் தளத்தையும் மெயிலையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். தகராறு வந்தால் எது காரணம் என்று தேடவே விடிந்துவிடும். டிடிஎல் (பழைய சர்வர் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 86,400 விநாடி, அதாவது ஒரு நாள், என்றிருந்தால், முந்தைய நாளே 300க்குக் குறைத்துவிடுங்கள். ஐமேப்சிங்க் என்ற கருவி கொண்டு பழைய மெயில்களை முதலில் நகலெடுத்து, எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றி, மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள். அவுட்லுக்கில் பாப் முறையில் (சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) மெயில் எடுப்பவர்கள் யார் என்று முன்பே விசாரியுங்கள். அவர்களுடைய பழைய மெயில் சர்வரில் இல்லாமல் அவர்கள் மேசைக் கணினியில் மட்டும் இருக்கலாம்.

தமிழ்த் தளங்களுக்குக் கூடுதல் கவலை ஒன்று உண்டு. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் அட்டவணைகள் 'லத்தீன்1' (ஒரு குறிக்கு ஒரே பைட் தரும் முறை) என்று குறிக்கப்பட்டிருக்க, உள்ளே தமிழ் கிடக்கும். தளத்தில் சரியாகத் தெரிவதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்காமல் நகலெடுத்து ஏற்றினால் பல வருடக் கட்டுரைகள் குப்பை எழுத்தாகவோ கேள்விக்குறிகளாகவோ வந்து நிற்கும். முகப்புப் பக்கம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாமல், மிகப் பழைய பதிவுகளையும் திறந்து பாருங்கள்.

மும்பையா பெங்களூருவா என்று டேட்டா சென்டருக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், நம் வாசகர்களுக்கு இரண்டும் பக்கம்தான். மெயில் பட்டியலைச் சலித்து மிச்சமாகும் பணத்தில் பழைய சர்வருக்கு இன்னும் ஒரு மாத வாடகை கட்டி, உயிரோடு வைத்திருங்கள்.